துளைக்கு ஒன்று, உடைக்க ஒன்று: ரோட்டரி ஹாமர் வாங்கப் போகிறவருக்கு

ரோட்டரி ஹாமர், அதாவது கான்கிரீட்டை அடித்துத் துளைக்கும் இயந்திரம், வரும் பெட்டியின் மேல் ‘26 மி.மீ.’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நாள் முழுக்க 26 மி.மீ. துளை போட்டுத் தள்ளலாம் என்று நம்பி வாங்கிச் செல்கிறவர்கள் நிறையப் பேர். அந்த எண் இயந்திரத்தின் உச்ச வரம்பு. எப்போதாவது தேவைப்பட்டால் அந்த அளவுவரை தாங்கும், அவ்வளவுதான். நம் ஊர் வேலைத்தளங்களில் அதிகம் கண்ணில் படுவது போஷ் நிறுவனத்தின் ஜிபிஎச் 2-26. அதற்கு அந்த நிறுவனமே வசதியான வரம்பாகக் குறித்திருப்பது 8 முதல் 16 மி.மீ. வரைதான். எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும் பெட்டியில் உள்ள எண்ணில் பாதியைச் சற்றே கூட்டி எடுத்துக்கொண்டால், அன்றாட வேலைக்கான அளவு கிடைத்துவிடும்.

பவர் டூல் பழுதுபார்ப்பது என் தொழில். நல்ல நிறுவனத்தின் இயந்திரமாக இருந்தாலும் தனக்குப் பொருந்தாத வேலையில் மாட்டிக்கொண்டால் ஒரு வருடத்துக்குள் என் மேசைக்கு வந்துவிடுகிறது. அதே இயந்திரம் சரியான கையில் பத்து வருடம் ஓடுவதையும் பார்க்கிறேன். ஆகவே எது சிறந்த இயந்திரம் என்று கேட்கிறவரிடம் நான் பதிலுக்குக் கேட்பது, போன மாதம் என்னென்ன வேலை செய்தீர்கள் என்றுதான்.

மின் வேலை, குழாய் வேலை, ஏசி பொருத்துதல், குளியலறை புதுப்பித்தல் என்று இரண்டு மூன்று ஆட்களை வைத்துச் செய்யும் சிறு ஒப்பந்தக்காரர் ஒருவர், ஓர் இயந்திரத்துக்கு உண்டான பணத்தோடு கடைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். கையில் ஏற்கெனவே இருக்கும் இம்பேக்ட் டிரில்லை வைத்தே ஓட்டலாம். 2 கிலோ வகை ரோட்டரி ஹாமர் வாங்கலாம். துளையும் உடைப்பும் ஒன்றிலேயே நடக்கட்டும் என்று 5 கிலோ வகைக்குப் போகலாம். (2 கிலோ, 5 கிலோ என்பவை வகையின் பெயர்தான், உண்மை எடை சற்றுக் கூடும்.) உளி வேலைக்கு மட்டும் ஆன பிரேக்கர் வாங்கலாம். பேட்டரி வகையும் இருக்கிறது. இவற்றில் அவர் மனம் பெரும்பாலும் போவது 5 கிலோ வகைக்கு. வாங்கியபின் அதிகம் வருந்துவதும் அதை வாங்கியவர்கள்தான்.

இம்பேக்ட் டிரில் எங்கே நின்றுவிடுகிறது

வீட்டுக்கு வீடு இருக்கும் 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) கொண்ட இம்பேக்ட் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு எஃகுத் தட்டுகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குவதால் துளையிடும் கம்பியான பிட் முன்னும் பின்னும் அதிர்கிறது. நிமிடத்துக்கு நாற்பதாயிரம் அதிர்வுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றும் அற்பமான அடி. அந்த அடிக்குப் பலம் சேர்ப்பது நம் தோள்தான். நாம் அழுத்தினால் வேலை நடக்கும், அழுத்தம் குறைந்தால் தட்டுகள் சும்மா உரசிக்கொண்டிருக்கும். செங்கல் சுவரில் 6 மி.மீ., 8 மி.மீ. துளை போட்டு பிளக் அடிப்பதற்கு இது போதும்.

கான்கிரீட்டில் கதை வேறு. சிமென்டும் மணலும் சேர்ந்த கலவைப் பகுதியில் பிட் இறங்கிக்கொண்டே போகும். ஜல்லியில் முட்டியதும் அப்படியே நின்றுவிடும். நம் ஜல்லி லேசானது அல்ல. சென்னையைச் சுற்றியுள்ள பல்லாவரம், பரங்கிமலைப் பாறை சார்னோகைட் என்ற கருங்கல் இனம். தமிழ்நாட்டின் பெரும்பாலான குவாரிகளிலிருந்து வருவது அதுவோ அதற்கு நிகரான கடினப் பாறையோதான். அப்படிப்பட்ட 20 மி.மீ. ஜல்லியின் மேல் இம்பேக்ட் டிரில்லை அழுத்திக்கொண்டு நின்றால் பிட்டின் நுனி நீலம் பாரித்துவிடும். துளை ஒரு நூல்கூட இறங்காது. சன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் லிண்டலில் திரைச்சீலைக் கம்பிக்குத் துளை போட முயன்று தோற்றவர்களுக்கு இது தெரியும்.

ரோட்டரி ஹாமரின் அமைப்பே வேறு. மோட்டார் ஒரு பிஸ்டனை முன்னும் பின்னும் ஓட்டுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் அடைபட்டிருக்கும் காற்று அழுந்தி, தனியாக மிதக்கும் ஓர் எஃகுத் துண்டை வீசி எறிகிறது. அது போய்ப் பிட்டின் வாலில் அடிக்கிறது. நிமிடத்துக்கு நாலாயிரத்தைச் சுற்றி அடிகள்தான். ஒவ்வொன்றும் ஜல்லியைப் பொடியாக்கும் அடி. அடிக்குத் தேவையான விசை காற்றிலிருந்து வருவதால் நாம் அழுத்த வேண்டியதில்லை. பிட் இடம்விட்டு நகராமல் தாங்கிப் பிடித்தால் போதும். இம்பேக்ட் டிரில்லில் பழகிய கை இதையும் அழுத்தத்தான் பார்க்கும். அழுத்த அழுத்த எஃகுத் துண்டின் ஓட்டம் கெட்டு வேலை மந்தமாகும்.

ஆக, கான்கிரீட்டில் வாரத்துக்கு நாலு துளையாவது போடுகிறவருக்கு முதல் வழி கழிந்துவிடுகிறது. பழைய டிரில்லை விற்றுவிட வேண்டாம். மரம், இரும்பு, டைல், இலகு எடைக் கல் ஆகியவற்றுக்கு அதுதான் நல்லது. இலகு எடைக் கல்லிலும் உள்ளே வெற்றிடம் உள்ள செங்கல்லிலும் அடியே கூடாது. சுழற்சி மட்டும் போதும். அடித்தால் துளையின் பின்பக்கம் பெயர்ந்து பிளக் ஆடும்.

வாட்டைப் பார்க்காதீர்கள், ஜூலைப் பாருங்கள்

கடையில் எல்லாரும் கேட்பது வாட். அது இயந்திரம் கரண்ட் கம்பியிலிருந்து இழுக்கும் சக்தி. பிட்டின் முனைக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது ஓர் அடியின் ஆற்றல், அதாவது ஜூல். ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல் பத்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய ஒரு ஜூல்.

2 கிலோ வகையில் ஜிபிஎச் 2-26 தருவது 2.7 ஜூல், 800 வாட். மகிதாவின் எச்ஆர் 2470 தருவது 2.4 ஜூல், 780 வாட். 5 கிலோ வகையில் போஷ் ஜிபிஎச் 5-40 டி 8.5 ஜூல், 1100 வாட். வாட் ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை, அடி மூன்று மடங்காகிவிட்டது. உளி மட்டும் போடும் ஜிஎஸ்எச் 11 இ 16.8 ஜூல். தரையை உடைக்கும் ஜிஎஸ்எச் 16-28 கொடுப்பது 41 ஜூல். அந்த ஒரு கிலோ சுத்தியல் நாலு மீட்டருக்கு மேலிருந்து விழுகிற அடி அது, நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை.

இந்த ஜூல் கணக்கிலும் தில்லுமுல்லு உண்டு. ஐரோப்பிய பவர் டூல் உற்பத்தியாளர் சங்கமான எப்டா 2009-இல் வகுத்த முறைப்படி அளந்திருந்தால் குறிப்பேட்டில் ‘எப்டா 05/2009’ என்று இருக்கும். பெயர் தெரியாத நிறுவனத்தின் 3 கிலோ இயந்திரத்தின் பெட்டியில் ‘6 ஜூல், 1500 வாட்’ என்று இருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடலாம். அந்த எடைக்குள் அவ்வளவு அடியைக் கொடுப்பது முன்னணி நிறுவனங்களாலேயே முடியாத காரியம்.

2 கிலோ வகை

சிறு ஒப்பந்தக்காரர் போடும் துளைகளை எண்ணிப் பார்த்தால் பத்தில் ஒன்பது 6 மி.மீ.யிலிருந்து 16 மி.மீ.க்குள் அடங்கிவிடும். மின் குழாய்க் கிளாம்புக்கு 6, கீசருக்கும் வாஷ்பேசினுக்கும் 10 அல்லது 12, துளைக்குள் இறுகிப் பிடிக்கும் இரும்பு உறையான எம்10 டிராப்-இன் ஆங்கருக்கு 12, எம்16 போல்ட்டுக்கு 16. இந்த அளவில் 2 கிலோ இயந்திரத்துக்கும் 5 கிலோ இயந்திரத்துக்கும் ஒரு துளைக்குச் சில வினாடிதான் வித்தியாசம். சில துளைகளில் சின்னதே முந்தும். 8 மி.மீ. பிட்டுக்குப் பெரிய இயந்திரத்தின் அடி அளவுக்கு மீறியது. அந்த இயந்திரத்தில் ஏறும், 18 மி.மீ. வால் கொண்ட பெரிய பிட்டுகள் 12 மி.மீ. அளவிலிருந்துதான் பரவலாகக் கிடைக்கும் என்பதால், சின்னத் துளைக்கு அதைப் பயன்படுத்தவே முடியாது. இந்த ஒன்றைக் கவனிக்காமல் 5 கிலோ வகையை வாங்கிக்கொண்டு போய், மறுவாரம் 8 மி.மீ. பிட் கேட்டுக் கடைக்குத் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

எடையை யாரும் கடையில் யோசிப்பதில்லை. மேசை மேல் வைத்துத் தூக்கிப் பார்த்தால் 7 கிலோ ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஃபால்ஸ் சீலிங் வேலையில் ஏணி மேல் நின்று, தலைக்கு மேலே கையை நீட்டி, கண்ணில் தூள் விழ, வரிசையாக ஆங்கர் துளை போடும்போது தெரியும். ஸ்லாபின் அடிப்புறத்தில் 2.7 கிலோவை மதியம்வரை பிடிக்கலாம். 6.8 கிலோவைப் பிடித்தவர் அரை மணியில் கீழே இறங்கிவிடுவார்.

இந்த வகையிலேயே இரண்டு பிரிவு உண்டு. சில மாடல்களில் சுழற்சியும், சுழற்சியோடு கூடிய அடியும் மட்டும் இருக்கும். மூன்றாவது நிலையான, சுழற்சி நின்று அடி மட்டும் விழும் உளி நிலை இருக்காது. மகிதாவில் எச்ஆர் 2460 இரண்டு நிலை, 2470 மூன்று நிலை. போஷில் எண்ணுக்குப் பின்வரும் எழுத்துகளைப் பாருங்கள்: டி இருந்தால் உளி நிலை உண்டு, ஆர் இருந்தால் எதிர்ப்புறம் சுழலும், எஃப் இருந்தால் சக்கைக் கழற்றி மாற்றலாம். விலை வித்தியாசம் சொற்பம். மூன்று நிலை உள்ளதை வாங்காமல் மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். எதிர்ச்சுழற்சியும் தேவை, கான்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக் கம்பியில் சிக்கிய பிட்டைத் திருப்பி எடுக்க அதுதான் உதவும்.

உளி நிலை இருக்கிறது என்பதற்காக அதை உடைக்கும் இயந்திரமாக நினைத்துவிடக் கூடாது. டைல் பெயர்ப்பது, பழைய பூச்சைத் தட்டுவது, கட்டர் போட்டு இரண்டு பக்கமும் அறுத்த காடியின் நடுவில் உள்ள செங்கலை எடுப்பது, பூச்சு பிடிக்க கான்கிரீட் பரப்பைப் பொளிவது ஆகியவை அதற்கு உரியவை. 40 மி.மீ. அகல உளியைப் போட்டுச் சாய்வாகப் பிடித்தால் குளியலறைச் சுவர் டைல் வரிசையாகக் கழன்று வரும். ஸ்லாபில் ஓர் அடிக்கு ஓர் அடி திறப்பு எடுப்பது, தரைக் கான்கிரீட்டை உடைத்துச் சாக்கடைக் குழாய் பதிப்பது போன்றவற்றை அதில் செய்யத் துணிந்தால் என்ன ஆகும் என்பதை உள்ளே பார்த்தால் புரியும்.

முன்பக்கக் கூட்டைக் கழற்றியதும் முதலில் வெளியே வருவது கிரீஸ். நல்ல நிலையில் அது கெட்டியாக, நிறம் மாறாமல் இருக்கும். உளி வேலையில் வாட்டி எடுத்த இயந்திரத்தில் எண்ணெய் போல் ஓடும், கருத்திருக்கும். கான்கிரீட் தூள் புகுந்திருந்தால் விரலில் தேய்த்தாலே நறநறக்கும். அடுத்து, வீசி எறியப்படும் அந்த எஃகுத் துண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். காற்று கசியாமல் காப்பது அது ஒன்றுதான். புதிதில் உருண்டையாக இருக்கும் அதன் விளிம்பு, சூட்டில் வெந்து ஒரு பக்கம் தட்டையாகி, கண்ணாடி போல் பளபளக்கும். நகத்தால் அழுத்தினால் வெடிக்கும். வளையம் போனதும் பிட் சுழலும், அடி விழாது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று கொண்டு வருவார்கள். வளையமும் கிரீஸும் மாற்றினால் மறுநாளே ஓடும். செலவும் சில நூறு ரூபாய்தான். அடி குறைந்ததைக் கண்டுகொள்ளாமல் இன்னும் அழுத்தி ஓட்டியிருந்தால் மட்டும் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரும் சேர்ந்து கருகியிருக்கும். அப்போது செலவு இயந்திரத்தின் விலையில் கணிசமான பங்கைத் தொட்டுவிடும்.

5 கிலோ வகை யாருக்கு

5 கிலோ வகைக்கும் நியாயம் உண்டு. பழைய கட்டடத்தில் புதுத் தூணோ சுவரோ சேர்க்கக் கம்பி நடும் வேலையை எடுத்துக்கொள்வோம். 16 மி.மீ. கம்பிக்கு 20 மி.மீ. துளை வேண்டும், ஆழம் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். ஒரு நாளைக்கு அப்படி ஐம்பது துளை என்றால் 2 கிலோ இயந்திரம் திணறும், ஆளும் சோர்ந்துபோவார். 25 மி.மீ., 32 மி.மீ. துளைகளே அன்றாட வேலை என்றால் கேள்வியே இல்லை, 5 கிலோ வகைதான். இயந்திர அடித்தளத்துக்கு ஆங்கர் போடுகிறவர்கள், இரும்புக் கூரை அமைப்பவர்கள், கட்டடம் வலுப்படுத்தும் வேலை எடுப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

மற்றவர்களுக்கு அது பாதி நாள் வாகனத்தில் கிடக்கும் சுமை. விலை 2 கிலோ வகையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பிட், உளி எல்லாமே தனி அளவு, விலையும் கூடுதல். 2 கிலோ வகையின் பிட் வால் 10 மி.மீ. தடிமன். போஷ் 1975-இல் கொண்டுவந்த எஸ்.டி.எஸ். முறையின் தொடர்ச்சி அது. இன்று எல்லா நிறுவனமும் அதே அளவைத்தான் பின்பற்றுகின்றன. பெரிய வகைக்கான எஸ்.டி.எஸ். மேக்ஸ் 18 மி.மீ. ஒன்றின் பிட் மற்றொன்றில் ஏறாது.

இன்னொரு கோளாறு வீட்டுக்காரர் கண்ணில் படுவது. நாலரை அங்குலச் செங்கல் சுவரில் 8 ஜூல் இயந்திரத்தை உளி நிலையில் வைத்துக் காடி எடுத்தால், பின்பக்க அறையில் பூச்சு பொத்துக்கொண்டு விழும். சுவிட்ச் பெட்டிக்குப் பள்ளம் எடுக்கப் போய் முழுக் கல்லே நகர்ந்துவிடும். சுண்ணாம்புக் காரைச் சுவர் உள்ள பழைய வீடுகளில் பேசவே வேண்டாம். உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் எடுத்தால் நிற்கிற சுவர் அது.

நடுவில் ஒரு வகை இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. போஷ் ஜிபிஎச் 4-32 டிஎஃப்ஆர் 4.2 ஜூல், 4.7 கிலோ. இதற்கும் அதே 10 மி.மீ. வால் பிட்டுதான், ஆகவே கையில் உள்ள பிட்டுகள் எல்லாம் பொருந்தும். 20 மி.மீ. துளை அடிக்கடி வந்தும் 5 கிலோ வகைக்கு மனமில்லாதவர்கள் இதைப் பார்க்கலாம். மேல்நோக்கிப் பிடிக்கும் வேலை அதிகம் என்றால் இதுவும் கனம்தான்.

உடைப்பதற்குப் பிரேக்கர்

உடைக்கும் வேலைக்கு உடைக்கவே செய்த இயந்திரம்தான் சரி. சுழற்றும் பல்சக்கரம், கிளட்ச் எதுவும் இல்லாததால் உள்ளே கெடுவதற்கான பாகங்கள் குறைவு. 17 மி.மீ. அறுகோண உளி போடும் 5 கிலோ பிரேக்கர், அதே எடையில் துளையும் போடும் ரோட்டரி ஹாமரைவிட விலை குறைவு. உளியைத் தீட்ட உள்ளூர்ப் பட்டறையே போதும். தரையை உடைக்க 10 கிலோ வகை, அஸ்திவாரத்துக்கு 16 கிலோ வகை என்று மேலே மேலே போகலாம்.

சொந்தமாக வாங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ உடைப்பு வேலை வருகிறவர் வாடகைக்கு எடுப்பதே மேல். சிற்றூர்களில்கூட நாள் வாடகைக்கு இப்போது கிடைக்கிறது. எடுக்கும்போது உளியின் முனை தீட்டியிருக்கிறதா, ஒயரில் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குளியலறை இடிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருப்பவர் 5 கிலோ பிரேக்கரையும் 2 கிலோ ரோட்டரி ஹாமரையும் சேர்த்து வாங்கட்டும். இரண்டும் சேர்ந்தும் 5 கிலோ ரோட்டரி ஹாமர் ஒன்றின் விலையை ஒட்டியே வரும், இரண்டு ஆட்கள் ஒரே நேரத்தில் வேலையும் பார்க்கலாம்.

பிரேக்கர் கையில் இருந்தால் எதையும் உடைக்கலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. அங்கேதான் பயம் வேண்டும். இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கேட்கும் கான்கிரீட் மூடல், அதாவது கம்பியை மூடியிருக்க வேண்டிய கான்கிரீட்டின் தடிமன், சாதாரணச் சூழலில் ஸ்லாபுக்கு 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ. ஸ்லாபின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் பொளித்தாலே கம்பி தெரியும் என்று பொருள். குழாய் உள்ளே மறையட்டும் என்று தூணில் காடி எடுப்பதும், பீமின் அடியில் குழாய்க்குப் பள்ளம் வெட்டுவதும் நான் கேள்விப்படாதவை அல்ல. அப்படிக் கேட்கும் வீட்டுக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடுவதுதான் தொழில்.

கை, மூச்சு

இயந்திரத்தின் குறிப்பேட்டில் அதிர்வு அளவு என்று ஓர் எண் இருக்கும், கடைசிப் பக்கங்களில். அதை யாரும் படிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கொண்டுவந்த விதி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டு 2.5 அலகைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 அலகைத் தாண்டவே கூடாது என்கிறது. குறிப்பேட்டில் 15 என்று இருந்தால், விசையை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் 13 நிமிடம் ஆனதும் முதல் வரம்பு வந்துவிடும், 53 நிமிடத்தில் இரண்டாவதும் வந்துவிடும். நாள் முழுக்கச் சேர்த்து அவ்வளவுதான். வருடக்கணக்கில் மீறினால் விரல் நுனி குளிரில் வெளுத்து மரத்துப்போகும், அது திரும்பச் சரியாவது அரிது. விலை கூடிய மாடல்களில் அதிர்வைத் தாங்கும் கைப்பிடி தருகிறார்கள். தினமும் பிடிப்பவருக்கு அந்தக் கூடுதல் விலை நியாயமானது.

தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கான்கிரீட் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கிவிடும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டினால் அந்த நுண்தூள் நிற்காது, என்95 முகமூடி வேண்டும். மேல்நோக்கித் துளை போடும்போது பிட்டில் ரப்பர்க் கிண்ணம் மாட்டினால் பாதித் தொல்லை தீரும்.

பேட்டரி, மலிவு வகை

18 வோல்ட் பேட்டரி இயந்திரங்கள் இப்போது பொம்மை அல்ல. போஷ் ஜிபிஎச் 18வி-26 தரும் அடி 2.6 ஜூல், ஒயர் வகைக்குச் சமம். ஏசி வெளிப்பெட்டியை மூன்றாவது மாடிச் சுவரில் பொருத்துகிறவர் ஒயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை, அது பெரிய விடுதலை. கரண்ட் இன்னும் வராத புதுக் கட்டடத்துக்கும் ஏற்றது. இரண்டு பேட்டரி, சார்ஜரோடு சேர்த்தால் ஒயர் வகையின் விலையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும் என்பதுதான் தடை. ஏற்கெனவே அதே நிறுவனத்தின் பேட்டரி டிரில் வைத்திருப்பவர் வெறும் இயந்திரத்தை மட்டும் வாங்கலாம். உளி வேலைக்குப் பேட்டரியை நினைக்கவே வேண்டாம், கண்ணெதிரே வடிந்துவிடும்.

மலிவு வகைகளில் பலவற்றின் உள்ளமைப்பு 2-26-இன் நகல். வளையம், கார்பன் பிரஷ், ஆர்மேச்சர்கூடச் சந்தையில் கிடைக்கும். சொந்த வீட்டைப் புதுப்பிக்க ஒரு வாரத்துக்குத் தேவை என்கிறவரை நான் தடுப்பதில்லை. தொழிலுக்கு வேண்டாம். பல்சக்கரத்தின் எஃகும் பேரிங்கும் சரியில்லாததால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. சிக்கினால் நழுவ வேண்டிய பாதுகாப்புக் கிளட்ச் சரியாக நழுவுவதும் இல்லை. பிட் கம்பியில் மாட்டிக்கொண்டு, கிளட்ச் நழுவாமல் இயந்திரமே சுற்றினால் மணிக்கட்டு தப்பாது. எந்த விலையில் வாங்கினாலும் பக்கக் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

இயந்திரத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைப் பிட்டுக்குக் கொடுத்தால் போதும். இரண்டு வெட்டு முனை உள்ள சாதாரணப் பிட் கம்பியில் பட்டால் கார்பைடு முனை தெறித்துவிடும். நான்கு வெட்டு முனை உள்ளது கம்பியை உரசிக்கொண்டு தாண்டும். துளையும் வட்டமாக வரும், ஆங்கர் பிடிப்பும் நன்றாக இருக்கும். 12, 16 ஆகிய இரண்டு அளவிலாவது இதை வாங்குங்கள். கம்பி நேராகக் குறுக்கே நின்றால் துளையைத் தள்ளிப் போடுவதுதான் முறை.

ஒயரும் அப்படித்தான். 0.75 சதுர மி.மீ. ஒயரில் 50 மீட்டர் நீட்டிப்புப் போட்டு 1500 வாட் இயந்திரத்தை ஓட்டினால் வழியிலேயே 15 வோல்ட் போய்விடும். வேலைத்தளத்துத் தற்காலிக இணைப்பில் ஏற்கெனவே வோல்டேஜ் குறைவு. அடி மந்தமாகும், ஆள் அழுத்துவார், மோட்டார் சூடாகும். 2 கிலோ வகைக்கு 1.5, பிரேக்கருக்கு 2.5 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். பிரேக்கரை 6 ஆம்பியர் பிளக்கில் சொருகவும் கூடாது, 16 ஆம்பியர் பாயின்ட் தேவை.

நம் ஒப்பந்தக்காரருக்கு என் பதில்: மூன்று நிலை உள்ள 2 கிலோ வகை, பெயர் தெரிந்த நிறுவனத்துடையது, உங்கள் ஊரிலேயே பாகம் கிடைப்பது. உடைப்புக்கு வாடகை பிரேக்கர். 20 மி.மீ. துளை வாரம் தவறாமல் வரத் தொடங்கிய பிறகு பெரியதைப் பற்றிப் பேசலாம். ஹில்டியும் நல்ல சரக்குதான். கடைகள் வழியாக அல்லாமல் நேரடியாக விற்கிறார்கள் என்பதால் சிறு ஊர்களில் சர்வீஸுக்கு எங்கே அனுப்ப வேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் பெட்டியைப் பிரித்ததும் பிட்டைச் சொருகி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஓடும், அது இயல்பு. பக்கவாட்டில் அதிகம் ஆடினால் வேறு பெட்டி கேளுங்கள். பழைய இயந்திரம் வாங்குகிறவர் ஒரு கான்கிரீட் துண்டில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. வெறுமனே சுழல்வதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. பில்லில் இயந்திரத்தின் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத பில்லோடு வந்து உத்தரவாதம் கேட்பவர்களைச் சர்வீஸ் மையம் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஜோடி கார்பன் பிரஷும் பிட் வாலுக்குத் தடவும் சிறு கிரீஸ் டியூபும் அன்றைக்கே வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவை பிட் மாட்டும்போதும் வாலைத் துடைத்துவிட்டு ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் போதும்.